புது சென்சாரை முடிவு செய்யும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். உடம்பின் சர்க்கரை அளவை அளந்து போன் ஆப்புக்கு அனுப்பும் உங்கள் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு வளரும் டைப் 1 நீரிழிவுப் பிள்ளைகளின் பெற்றோரில் நானும் ஒருத்தி. அடுத்த மாடல் வரப்போகிறது, பயனர் குழுவில் சேர்ந்து யோசனை சொல்லுங்கள் என்று போன வாரம் உங்களிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் செய்தி வந்தது. இப்போதிருக்கும் ஆப்பை மாற்றும்போதும் இதே அழைப்பு வந்தது. நம்பிச் சேர்ந்தோம். என்ன சொன்னோம், அது என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் இந்த முறை படிவத்தை நிரப்பாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் ஆப்பில் அலாரம் அடிக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்கள். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, பின்னணியில் ஓடும் ஆப்பை இந்த போன்கள் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்யுங்கள், பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்று உங்கள் உதவி மையம் சொன்ன எல்லாவற்றையும் செய்துதான் வைத்திருக்கிறோம். போனில் ஒரு அப்டேட் வந்தால் செட்டிங் பழையபடி மாறிவிடுகிறது. சென்சாரோடு தொடர்பு அறுந்தால் அதற்கும் ஒரு அலாரம் உண்டு என்கிறீர்கள். சரி, அந்த அலாரத்தையும் அதே ஆப்தானே அடிக்க வேண்டும்? ஆப்பே நின்றுபோனால் யார் அடிப்பது?

ஒரு விடியற்காலையில் என் மகன் பனியன் நனைய வியர்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்தான். போன் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தது. சத்தமே இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. 70க்குக் கீழே போனாலே லோ என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. நல்லவேளை, விழுங்க முடிந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தி, எண் ஏறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது. அப்புறம் ஆப்பைத் திறந்தேன். திறந்த சில விநாடிகளில், விட்டுப்போன நேரத்துக் கோடு மொத்தமும் வந்து நிறைந்தது. ராத்திரி இரண்டு மணியிலிருந்தே சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்ததை சென்சார் ஒழுங்காக அளந்து, பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறது. எழுப்ப வேண்டிய ஆப்தான் எழுப்பவில்லை.

உங்கள் கருவி சரியாக அளக்கிறது. அதற்காக இன்றும் உங்களுக்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பிள்ளையின் விரலைக் குத்திய காலத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆனால் அளந்ததைச் சொல்லாத கருவி ராத்திரியில் எங்களுக்கு எதற்கு உதவும்?

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. உங்கள் பயனர் குழுவிலேயே, எந்த போன், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, எத்தனை மணிக்கு ஆப் நின்றது என்று பெற்றோர்கள் சேர்ந்து பட்டியல் போட்டு அனுப்பினோம். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அடுத்து, ஆப்புக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று ஓர் ஓட்டெடுப்பு. நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்துக்குப் பிள்ளைகளின் சிரித்த முகப் படங்களைக் கேட்டீர்கள், கொடுத்தோம். பிறகு புதிய ஆப் வந்தது. நிறம் மாறியிருந்தது, தொடர்ந்து ஏழு நாள் சென்சார் போட்டால் ஒரு பதக்கம் வந்தது. அலாரம் மட்டும் அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் தீர்மானித்த பிறகு எங்களிடம் நிறம் கேட்காதீர்கள். தீர்மானிக்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்.

உங்கள் துறையின் வரலாறு உங்களுக்குத் தெரியாதது அல்ல. அமெரிக்காவில் டேனா லூயிஸ் என்ற டைப் 1 பெண்ணுக்கும் இதே குறைதான் இருந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு அவருடைய சென்சாரின் அலாரத்தில் சத்தம் இல்லை. 2013இல் சத்தமான அலாரத்தை அவரும் அவருடைய துணைவர் ஸ்காட் லைப்ரண்டும் தாங்களே செய்துகொண்டார்கள். அதே ஆண்டில் ஜான் காஸ்டிக் என்ற தகப்பன், தன் சின்ன மகனின் சர்க்கரை அளவை வேலையிடத்திலிருந்தே பார்க்க வழி கண்டுபிடித்தார். சென்சாரின் அளவைத் தொலைவிலிருந்தே பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் என்ற மென்பொருள் அதிலிருந்துதான் வளர்ந்தது. இனியும் காத்திருக்க மாட்டோம் என்பதே அந்தப் பெற்றோர்களின் முழக்கமாக இருந்தது. பிள்ளையின் அளவை வேறொரு போனில் பார்க்கும் வசதிக்கு மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் ஒப்புதல் தரும் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. 2015 ஜனவரியில் அனுமதி தந்தபோது, அந்த வீடுகளில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

லூயிஸ் அலாரத்தோடு நிற்கவில்லை. சென்சாரையும், உடம்புக்குள் இன்சுலின் செலுத்தும் பம்பையும் இணைத்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓப்பன் ஏ.பி.எஸ். என்ற அமைப்பு 2015இல் வெளிவந்தது. அந்தக் கணக்குமுறையை வைத்து நியூசிலாந்தில் குழந்தைகளும் பெரியவர்களுமாக 97 பேரிடம் நடத்திய சோதனை 2022இல் வெளியானது. அதைப் பயன்படுத்தியவர்களின் சர்க்கரை, மற்றவர்களைவிட நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகச் சரியான அளவுக்குள் இருந்தது. இதே வேலைக்காகப் பயனர்கள் உருவாக்கிய இன்னொரு மென்பொருளான லூப்பிலிருந்து வந்த டைட்பூல் லூப்புக்கு 2023இல் எஃப்.டி.ஏ.வே அனுமதி தந்தது.

வீட்டிலேயே செய்வதில் ஆபத்து உண்டு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2019இல் எஃப்.டி.ஏ.வும் எச்சரித்தது. என் மகன் உடம்பில் பரிசோதனை செய்ய எனக்கு ஆசை இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அறிவியல் கருவிகளில் வந்த முக்கியமான முன்னேற்றங்களில் பெரும்பாலானவற்றை அவற்றைப் பயன்படுத்தியவர்களே முதலில் செய்தார்கள் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1970களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். எங்கள் ஊர் அம்மாக்களும் அதைத்தான் செய்கிறார்கள். சித்திரை வெயிலில் வியர்வை பட்டுப் பசை விட்டுப்போகிறது என்று, பிசியோதெரபிக்காரர்கள் ஒட்டும் டேப்பை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு சென்சாரைச் சுற்றி ஒட்டுகிறார்கள். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். விதியைத் தளர்த்தக் கேட்டுப் பெற்றோர்தான் நடையாய் நடக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு சென்சார், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு, காப்பீட்டிலும் கிடைப்பதில்லை. பாதி நாளில் கழன்று விழுந்தால் மாற்றித் தரச் சொல்லி உதவி மையத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இவ்வளவையும் சுமக்கிறவர்களிடம் ஐந்து நட்சத்திரம் கேட்கிறீர்கள், படம் கேட்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் கேட்பதில்லை.

மன்னிக்கவும், சொல்ல வந்ததைத் தாண்டிப் போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். புதிய மாடலின் அலாரம் எப்படி இருக்கும் என்று முடிவாகும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். உங்கள் சோதனைக்கூடத்தில் விலை உயர்ந்த போன்கள் இருக்கும். எங்கள் போன்களில், எங்கள் வீடுகளில், ராத்திரி முழுக்கச் சோதித்துப் பாருங்கள். போனை நம்பாமல் தானே சத்தம் போடும் சின்னக் கருவி ஒன்றைத் தனியாகத் தர முடியுமா என்று பாருங்கள். நாங்கள் கேட்டதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சரி, காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வோம்.

உங்கள் பதிலுக்குப் பிறகு அந்தப் படிவத்தை நிரப்புகிறேன். போன முறை நாங்கள் அனுப்பிய பட்டியல் உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் சொல்லுங்கள், மறுபடி அனுப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
டைப் 1 பிள்ளையின் தாய்,
மதுரை