சுகர் நோயாளியைத் திட்டுவதற்கு முன்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நோயாளிகள் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் டாக்டரையும் அரசாங்கத்தையும் எதிர்பார்க்கக் கூடாது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கட்டுரையாளர் சொல்வது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். பொறுப்பாக இருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்காமலே நாம் நோயாளியிடம் பொறுப்பை எதிர்பார்க்கிறோம்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டில் வைத்துப் பார்க்கிற நோய்கள். மாதம் ஒரு தடவை டாக்டரைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் 5 நிமிடம் பேசினால்கூட ஆண்டுக்கு ஒரு மணி நேரம்தான் ஆகும். மீதி 8,759 மணி நேரமும் நோயாளிதான் தன்னைப் பார்த்துக்கொள்கிறார். அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை 2020-இல் தமிழ்நாட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு காட்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 7 பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 11 பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தது. பஸ் ஏற முடியாத கிழவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். நான் கவலைப்படுவது வாசலைத் தாண்டி உள்ளே போன மாத்திரை என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான்.

“சுகர் நார்மல்னு வந்துடுச்சு சார், அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்.” ஜன்னலில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுகிறோம், அதே கணக்கை இங்கேயும் போடுகிறார்கள். மாத்திரை போடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசியதில்லை. வேறு சிலர் ரத்தப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியமாக இருந்து நல்ல எண்ணோடு வருவார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் அந்த இரண்டு நாள் பத்தியம் எடுபடாது. இதை ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் போதும், பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பஞ்சம்.

அப்புறம், மாத்திரையை அடையாளம் காண்பது. நம் ஆட்களுக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. ‘பெரிய வெள்ளை’, ‘சின்ன மஞ்சள்’ என்றுதான் தெரியும். அரசு மருத்துவமனைக்கு மருந்து சப்ளை செய்யும் கம்பெனி மாறினால் அட்டையும் மாறும், சில சமயம் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். புதிதாக ஒரு மருந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருக்கும் பழையதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மருந்து இரண்டு மடங்கு! வெளியே மெடிக்கலில் வாங்கினால் இன்னும் மோசம். அட்டையை நான்கு நான்காக வெட்டி, பெயரும் காலாவதி தேதியும் இல்லாத துண்டைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். என்ன மருந்து என்றே தெரியாதவரிடம் மருந்தில் அக்கறை காட்டு என்றால் அவர் என்ன செய்வார்?

கட்டுரையாளர் தொடாத ஒரு விஷயம் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. நம் வீடுகளில் ஆண்கள் தங்கள் உடம்பைத் தாங்களாகப் பார்த்துக்கொள்வது குறைவு. மனைவிதான் பார்த்துக்கொள்கிறார். வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, தனியாகச் சப்பாத்தி போடுவது, ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வைப்பது எல்லாம் அவர் வேலை. மருந்து வாங்கக் கணவரோடு வந்து, அவருடைய மாத்திரைகளை ஒன்று விடாமல் ஒப்பிக்கும் அம்மாவிடம் “உங்க பிரஷர் மாத்திரைம்மா?” என்று கேட்டால், “அது தீர்ந்து கொஞ்ச நாளாச்சு” என்பார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மதியம் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவருக்குச் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதிக் கொடுத்து என்ன பயன்? மனைவி ஊருக்குப் போனால் மாத்திரையை நிறுத்திவிடுகிற ஆண்களிடம்தான் முதலில் பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டும். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். தன் மாத்திரையின் பெயரும் வேளையும் தெரிந்திருப்பது ஒவ்வொரு ஆணின் கடமை.

நம்மை நாமே பார்த்துக்கொள்வது என்றால் நமக்கு நாமே மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது என்று ஆகிவிடவும் கூடாது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. வலி மாத்திரை அதை இன்னும் கூட்டும். பிரஷரையும் ஏற்றிவிடும். வெள்ளிக்கிழமை, கிருத்திகை என்று விரதம் இருப்பவர்களும் டாக்டரிடம் சொல்வதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போகும் சர்க்கரை நோயாளிகளை நினைத்தால் எனக்குப் பதறும். கால் மரத்துப் போனவருக்குக் கொப்புளம் வலிக்காது. வலிக்காத புண்ணை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கும்போது விரலை எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும். தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

நோயாளிகளுக்கு நான் சொல்வது: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயர், வேளை, ரத்தச் சர்க்கரை அளவு, பிரஷர் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள், பிள்ளைகளையாவது எழுதச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் நோட்டை நீட்டுங்கள். “இது எதற்கு, எத்தனை நாளைக்கு, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது” என்று கேளுங்கள். அதற்கு எரிந்து விழுகிறவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. மாத்திரைக் கவரில் மருந்தின் பெயரையும், அது எந்த நோய்க்கு என்பதையும், வேளையையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போதும். கூட்டம் அதிகமுள்ள மருத்துவமனைகளில், மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர், அதை விளக்கிச் சொல்ல இன்னொருவர் என்று மருந்தாளுநர் பணியிடங்களைக் கூட்ட வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது தனி ஆளாக நிற்பவரால் யாருக்கும் எதையும் விளக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.