கணிதம் ஒரு பருவம் முன்னே ஓடட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்துவிட்டதாகவும், ஆறு பருவங்களுக்கான பாடத்திட்டம் கைக்கு வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அதை வெறும் பட்டியலாகப் படித்து மடித்து வைத்துவிடாதே. எந்தத் தாள் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்து, பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள். அச்சிட்ட வரிசையும் கற்கவேண்டிய வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்றாம் பருவத்தில் மின்னியல் தொடங்கிய முதல் வாரத்திலேயே, பேராசிரியர் மின்புலத்துக்கான காஸ் விதியைத் தலைகீழ் முக்கோணம் போட்டுக் கரும்பலகையில் எழுதினார். டெல்டாவைத் தவறாகத் திருப்பிவிட்டார் போலும் என்று நினைத்து, நான் அதை நோட்டில் நிமிர்த்தி எழுதிக்கொண்டேன். உண்மையில் அது வெக்டர் நுண்கணிதத்தின் நாப்லா என்ற குறி; அந்த நுண்கணிதமோ எங்கள் துணைப்பாடக் கணிதத்தில் அடுத்த பருவத்தில்தான் வந்தது. அதற்குள் மின்னியல் தேர்வை மனப்பாடத்தால் எழுதி, 62 மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ஆகவே கணிதத்தை இயற்பியலுக்கு ஒரு பருவம் முன்னே ஓட்டு. மின்காந்தவியலுக்கு முன் பகுதி வகைக்கெழு, பரப்புத் தொகையீடு, ஸ்டோக்ஸ் தேற்றம் ஆகியவை வேண்டும். அலைகளுக்கும் வெப்பக் கடத்தலுக்கும் முன் ஃபூரியர் தொடர் வேண்டும். குவாண்டம் இயக்கவியலுக்கு முன் சிக்கலெண்களும், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளும், அணிகளின் ஐகன் மதிப்புகளும் (ஓர் அணி சில வெக்டர்களைத் திசை திருப்பாமல் எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் எண்கள்) வேண்டும். ஐகன் மதிப்பைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். ஆனால் பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல்கள் மட்டுமே வாய்ப்பது அடிப்படையில் ஓர் ஐகன் மதிப்புக் கணக்குதான்; அதைப் பழகியவனுக்குக் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாடு மிரட்டலாகத் தெரியாது. ஐ.ஐ.டி.க்கள் முதலியவை இணையத்தில் பாடம் நடத்தும் என்பிடெல் (NPTEL) தளத்தின் காணொளிகளைப் பார்க்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம் கட்டவேண்டும். ஒரு கோடை விடுமுறையில் ஒரு பாடத்தை முடித்துவிடலாம்.

முதுநிலைக்கு ஐ.ஐ.டி. போகும் எண்ணம் இருந்தால் அதற்கான நுழைவுத் தேர்வான ஜாமையும் (JAM) இப்போதே கணக்கில் கொள். 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அது பிப்ரவரியில் நடப்பதால், உன் ஆறாம் பருவம் அப்போது பாதிகூட ஓடியிருக்காது. திடநிலை இயற்பியலும் மின்னணுவியலும் உன் கல்லூரியில் கடைசி ஆண்டில் இருந்தால், இரண்டாம் ஆண்டு விடுமுறை அவற்றுக்கே போகட்டும்.

விருப்பப்பாடத்தில், மதிப்பெண் எளிதாக வரும் தாள் எது என்று சீனியர்களிடம் விசாரிக்காதே (நான் விசாரித்தேன், அதனால் சொல்கிறேன்). கணிப்பு இயற்பியல் (கணினியில் நிரல் எழுதி இயற்பியல் கணக்குகளைத் தீர்ப்பது) இருந்தால் அதையே எடு. தனி ஊசலைச் சிறு கோணத்தில் மட்டும் ஆட்டிப் பார்க்கும் ஆய்வகப் பழக்கத்தை விட்டு, 60 டிகிரியில் விட்டால் அலைவு நேரம் என்னவாகும் என்று பைத்தானில் நீயே கணக்கிட்டுப் பார். சிறு கோணத்துக்கான வாய்பாடு தருவதைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியிருக்கும்.

துணைப்பாடக் கணிதத்தின் பாடத்திட்டப் பக்கத்தை மட்டும் படமெடுத்து இந்த வாரமே அனுப்பு. அம்புக்குறிகளைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
அக்கா