52-ம் நம்பர் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு

கொள்ளுத்தாத்தா எங்கே குடியிருந்தார் என்று உங்களையெல்லாம் மாதக்கணக்கில் நச்சரித்தவன்தான் எழுதுகிறேன். தெரிந்துவிட்டது!

முதல் நன்றி, நூலகத்தில் பழைய நகர டைரக்டரிகளை (ஊரில் குடியிருப்பவர்களின் பெயர், தொழில், முகவரி போட்டு வருடாவருடம் வந்த புத்தகங்கள்) வருடவாரியாக எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பிய அக்காவுக்கு. பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடிக்கொண்டிருந்த என்னிடம், "விவரம் எடுக்க வந்தவர் காதில் விழுந்தபடிதானே எழுதியிருப்பார், மாற்றிப் போட்டுப் பாருங்கள்" என்றார். மூன்றாவது முயற்சியில் ஆள் அகப்பட்டார். பெயர், தையற்காரர், தெரு, 14. அவ்வளவுதான், ஒரே வரி. பாட்டியும் கூடப் பிறந்த நாலு பேரும் அதில் இல்லவே இல்லை. சின்னப் பிள்ளைகளை அதில் போடமாட்டார்களாம்.

அடுத்த வருடப் புத்தகத்தில் அதே தெரு, ஆனால் 52. வீடு மாறிவிட்டார் என்று நானே முடிவுகட்டி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன். பழைய வரைபடங்கள் சேர்க்கும் பெரியவர்தான், "அவசரப்படாதீங்க, தெருவாரிப் பட்டியலில் அக்கம்பக்கம் யார் என்று பாருங்கள்" என்றார். பார்த்தால் இரண்டு வருடமும் ஒரு பக்கம் அதே ரொட்டிக்கடைக்காரர், மறுபக்கம் அதே கடிகாரம் பழுதுபார்ப்பவர். மாறியது கதவு எண்தான். சிகாகோவில் 1909-ல் ஊரின் பெரும்பகுதிக்கே இப்படிப் புது எண் போட்டார்களாம், அதையும் அவர்தான் சொன்னார். தாத்தா இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

தீ விபத்துக் காப்பீட்டுக்காக வரைந்த வரைபடத்தையும் அவரே அனுப்பினார். செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். 52 மஞ்சள்! நடந்தாலே வீடு கிறீச்சிடும் என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம்.

அப்புறம், அந்த இறப்புப் பதிவு விஷயத்தில் கைகொடுத்த தம்பி. ஒரு வருடப் புத்தகத்தில் தாத்தாவைக் காணோம், அந்த இடத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர், பக்கத்தில் விதவை என்பதற்கான சுருக்கம். அட்டையில் இருந்த வருடத்தை வைத்துப் பதிவேட்டில் தேடித் தேடிச் சலித்துப்போனேன். "அட்டையில் போட்டிருக்கும் வருடத்துக்கு முந்தின வருடமே விவரம் திரட்டியிருப்பாங்க, ஒரு வருடம் பின்னால் போய்ப் பாருங்கண்ணா" என்றான். போனேன், இருந்தார்.

பக்கங்களெல்லாம் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. அந்த ரொட்டிக்கடைக்காரரின் வாரிசுகள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.