மோடம் கணக்கில் பத்து மடங்குப் பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரை ஒன்று, இன்றைய இணைய வேகத்தைப் கணினித் தரவைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பிய பழைய மோடம் கருவிகளின் வேகத்தோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை தந்திருந்தது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் ஒரே நொடியில் இறங்கிவிடும் 100 மெகாபைட் கோப்பு, 300 பாட் (நொடிக்கு 300 பிட்) மோடத்தில் இறங்க ஏறத்தாழ 4 நாட்கள் ஆகியிருக்கும் என்று அதில் கண்டிருந்தது. இவ்விரண்டு கூற்றுகளுமே தவறானவை. அந்த மோடங்களோடு பழகியவன் என்ற முறையிலும், மாணவர்கள் இத்தகைய அட்டவணைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள் என்ற கவலையிலும் இதை எழுதுகிறேன்.

முதலாவது பிழை, பிட்டையும் பைட்டையும் ஒன்றாகக் கொண்டது. இணைப்பின் வேகம் பிட் கணக்கிலும், கோப்பின் அளவு பைட் கணக்கிலும் சொல்லப்படுகின்றன. பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றை இலக்கம்; ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 100 மெகாபிட் வேகம் நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே. அந்தக் கோப்பு இறங்க 8 நொடி வேண்டும். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் செல்லும் முகவரி முதலிய தகவல்களையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகும்.

இரண்டாவது பிழை நுட்பமானது. கட்டுரையாளரை இதற்காகக் குறை கூற மாட்டேன். 1960-களின் தொடக்கத்தில் ஏடி அண்ட் டி நிறுவனம் வெளியிட்ட பெல் 103 போன்ற மோடங்களில், அனுப்பும் கணினிக்கும் பெறும் கணினிக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. ஒவ்வோர் எழுத்தும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, அதன் முன்னால் ஒரு தொடக்க பிட்டும் பின்னால் ஒரு நிறுத்த பிட்டும் சேர்த்தே அனுப்பினார்கள். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாவதால், 300 பிட் வேகம் நொடிக்கு 30 எழுத்தாகிறது. 300-ஐ 8-ஆல் வகுத்து வரும் 37.5 அன்று. எண்பது எழுத்து அகலமும் இருபத்து நான்கு வரி உயரமும் கொண்ட ஒரு திரை நிறைய 64 நொடி ஆகும். வரிகள் இடமிருந்து வலமாக ஊர்ந்து வர, படிப்பவரின் கண் அவற்றுக்கு முன்னால் போய்க் காத்திருந்த காலம் அது.

இக்கணக்கின்படி 100 மெகாபைட் கோப்பு அந்த மோடத்தில் இறங்க 33,33,333 நொடி, அதாவது 38 நாட்களும் ஏறத்தாழ 14 மணி நேரமும் வேண்டும். தங்கள் அட்டவணையோ 10 கோடி பைட்டை, பிட்டாக மாற்றாமல், நேராக 300-ஆல் வகுத்து, 3 நாள் 20 மணி நேரத்தை 4 நாட்கள் என்று முழுமையாக்கியிருக்கிறது. விடை பத்து மடங்கு குறைந்துவிட்டது. வேக வேறுபாட்டை மிகைப்படுத்த எண்ணியவர்கள் உண்மையில் அதைச் சுருக்கியிருக்கிறார்கள் என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

தமிழுக்கு இக்கணக்கு இன்னும் கடினமானது. எழுத்துகளைக் கணினியில் பைட்களாகக் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் இருப்பதால் அது 15 பைட். 300 பிட் மோடத்தில் அந்த ஒரு சொல் வந்து சேர அரை நொடி ஆகியிருக்கும்.

அட்டவணையின் அடுத்த வரிகளில் ‘2400 பாட்’, ‘56,000 பாட்’ என்று அச்சாகியிருப்பதையும் திருத்த வேண்டும். பாட் என்பது தொலைபேசிக் கம்பியில் ஒலிக்குறி நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதன் அளவு. பெல் 103-இல் ஒரு குறிக்கு ஒரு பிட் என்பதால் பாட்டும் பிட்டும் ஒரே எண்ணாக இருந்தன. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கியது. 2400 பிட் வேகம் தந்த, வி.22பிஸ் என்னும் தரநிலையைச் சேர்ந்த மோடம் 600 பாட் அளவிலேயே இயங்கியது. ஒவ்வொரு குறியிலும் 4 பிட்களை ஏற்றியதால் வேகம் கூடியது. 1998-இல் தரப்படுத்தப்பட்ட வி.90 மோடத்தின் 56 கிலோபிட் என்பது நொடிக்கு 8000 குறிகள், குறிக்கு 7 பிட். அதுவும் இறங்கும் திசைக்கான உச்ச வரம்பு. ஏறும் திசையில் 33.6 கிலோபிட்தான். மேலும், வி.42 என்னும் பிழைதிருத்த நெறிமுறையில் இணைந்த மோடங்கள் தொடக்க, நிறுத்த பிட்களைக் கம்பியில் அனுப்புவதில்லை என்பதால், அவற்றுக்கு 10-ஆல் வகுக்காமல் 8-ஆல் வகுப்பதே பொருத்தம். எல்லா மோடங்களுக்கும் ஒரே வகு எண்ணைப் போட்டுவிட முடியாது.

ஆகவே அட்டவணையின் திருத்திய வடிவத்தை வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு வரியிலும் மோடத்தின் தரநிலைப் பெயரையும், எண் பிட்டைக் குறிக்கிறதா பைட்டைக் குறிக்கிறதா என்பதையும், ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் கொள்ளப்பட்டது என்பதையும் சேர்த்துத் தந்தால், கணக்கைத் தாமே போட்டுச் சரிபார்க்க விரும்பும் மாணவர்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்