சவுக்குக்கு ஆயிரம் இடம், ஆமைக்கு இந்த மணல்தான்

கடற்கரையில் மரம் நடும் திட்டத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் கரையில் சவுக்கங்கன்றுக்குக் குழி வெட்டியிருக்கும் இடம் பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடும் மணல். ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். விவரம் தங்களுக்குத் தெரியும். மறுபடியும் கேட்பது ஒன்றுதான்: அலை ஏறும் எல்லையிலிருந்து ஐம்பது மீட்டரை வெறும் மணலாக விட்டுவிடுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு காற்றுக்கும் அலைக்கும் தடுப்பாகச் சவுக்கு வைத்ததன் நோக்கம் புரிகிறது. அலையில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர் எங்களுடையது. ஆனால் சவுக்கு எங்கேதான் இல்லை? கடலூர், விழுப்புரம் பக்கம் வயல் வயலாகப் பயிர்செய்கிறார்கள். நாலைந்து வருஷத்தில் வெட்டிச் சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் ஏற்றிவிட்டு மறுபடி நடுகிறார்கள். ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரவே பத்து வருஷத்துக்கு மேலாகும்.

வடக்கே முன்பு வைத்த தோப்பின் ஓரத்தில் நடப்பதைப் பார்த்துத்தான் பேசுகிறோம். இரவில் கரையேறும் ஆமை பின்னங்காலால் மணலைத் தோண்டி சுமார் நூறு முட்டை இடும். அங்கே வேர் பின்னிக் கிடக்கிறது. தோண்டும், வேர் தடுக்கும், நகர்ந்துபோய் இன்னோர் இடத்தில் தோண்டும். கடைசியில் இடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். காலையில் போனால் வந்துபோன தடமும் அரைகுறைக் குழிகளும்தான் கிடக்கும். சில ஆமை வேறு வழியில்லாமல் அலையோரத்திலேயே இட்டுவிடும். அந்த முட்டையைக் கடல் கொண்டுபோகும். நிழலுக்குள் இட்டாலும் சிக்கல் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த மணலில் ஆண்தான் மிகுதியாகப் பொரியும்.

1972 வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அப்போது அந்தச் சட்டம் எங்கே போயிற்று? கரையை ஒட்டி விசைப்படகில் இழுவைமடி வலையை இழுத்து ஆமையைச் சிக்கவைப்பவர்களை யார் கேட்டார்கள்? அந்த மடிக்குத் தப்பி வருவதையும் கரையில் மரத்தை வைத்துத் திருப்பி அனுப்பலாமா?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும். சவுக்கே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐம்பது மீட்டருக்கு அப்பால் வையுங்கள். மேட்டு மணலைப் பிடித்து நிறுத்த அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இங்கே தாமாகவே முளைக்கும். அவற்றைப் பிடுங்காமல் விட்டால் போதும்.

கன்றுகள் இன்னும் வந்து இறங்கவில்லை. தை பிறப்பதற்குள் குழிகளை மூட உத்தரவிடும்படி பணிவுடன் வேண்டுகிறோம். கூலி வேண்டாம், மண்வெட்டியோடு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
ஊரார் சார்பில் ஒரு மீனவர்