போட்டோவில் இருக்கும் டவர்

சத்தியமங்கலம்
10-10-2019

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். இந்த வரியை எத்தனையோ கடிதங்களில் கை போன போக்கில் எழுதியிருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே ஆவல்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வாட்ஸாப்பில் போட்டால் பாப்பா பார்த்துவிடுகிறாள். போனில் பேசினால் அம்மா வந்து, ஸ்பீக்கரில் போடுங்கள் என்கிறாள். கரூர்க்காரத் தம்பி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம். முறுக்கு, பருப்புப்பொடி, அம்மா மடித்து வைத்த பண்ணாரிப் புற்றுமண் எல்லாவற்றோடும் இதையும் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

ஆயுத பூசைக்கு என் பழைய கட்டிங் பிளையரையும் உன் முதல் வேலை ஹெல்மெட்டையும் சாமி முன்னால் வைத்தேன். சந்தனம் வைத்துக்கொண்டிருக்கும்போது டிவியில் கீழே எழுத்து ஓடியது. 11 தாலிபான் கைதிகளை விட்டதற்குப் பதிலாக 3 இந்திய என்ஜினியர்கள் விடுதலை. போன வருஷம் மே மாதம் ஆப்கானிஸ்தானில், பாக்லானில் சப்ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பிடித்துப் போனார்களே, அந்த 7 பேரில் மூவர். மார்ச்சில் ஒருவர் வந்துவிட்டார். ஆக, இன்னும் 3 பேர் உள்ளே. செய்தியில் பெயர் சொல்லவில்லை. ஆறு வீடுகளில் எந்த மூன்று வீடு என்று நினைத்துக்கொண்டே சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி நின்றேன்.

"அது நம்ம தம்பி இருக்கிற ஊரா?" என்றாள் அம்மா. இல்லை, அது வடக்கே, இவன் காபூல் ஆபீஸில் இருக்கிறான் என்றேன். நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

போன வாரம் அனுப்பிய போட்டோ நன்றாக இருந்தது. உடம்பு கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறது. பின்னால் ஒரு மொட்டை மலை, அதன் ஓரத்தில் டபுள் சர்க்யூட் மின்சார டவர். 31 வருஷம் ஈ.பி.யில் இருந்தவனுக்கு டவரைக் காட்டினால் முகத்தையா பார்ப்பான்? ஆபீஸ் மாடியில் எடுத்தது என்று எழுதியிருந்தாய். சரி.

நீ போனதில் எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. புலிகும்ரியிலிருந்து காபூல் வரை நம் நாட்டுப் பணத்தில் போட்ட 220 கே.வி. லைன் சலாங் மலைமேல் ஏறி இறங்குவதை டீக்கடையில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? உஸ்பெகிஸ்தான் கரண்டு, காபூல் வெளிச்சம், நடுவில் என் மகன் என்பேன். ஆனால் 2016 ஜனவரியில் அதே பாக்லானில் டவரைச் சாய்த்து காபூலை இருட்டாக்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை டீக்கடையில் சொன்னதில்லை. டவரைச் சாய்க்கிறவனுக்கு ஒன்று தெரியும், அதை நிமிர்த்த ஆள் வந்தே ஆக வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதே. கம்பெனி பெயர் எழுதிய சட்டையை வெளியே போடாதே.

தாளவாடி குவார்ட்டர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பத்து வயசு. 2000 ஜூலை 30 ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து வீரப்பன் கூட்டிப் போனான். பஸ் நின்றது, பெங்களூரில் உன் பெரியப்பா கடையைச் சாத்திவிட்டு வீட்டோடு கிடந்தார். மைசூர் சிறையில் தடா சட்டத்தில் இருந்தவர்களை விட வேண்டும் என்றான், தமிழ்நாட்டுச் சிறையில் இருந்த 5 பேரையும் கேட்டான். இரண்டு அரசாங்கமும் தலையாட்டின. அப்போது ஒரே ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அப்துல் கரீம். 1992-ல் வீரப்பன் ஆட்கள் கொன்ற சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் அப்பா. விடக்கூடாது என்று நவம்பரில் தீர்ப்பும் வாங்கிவிட்டார்.

நான் அவர் பக்கம் நின்றேன். செக்‌ஷன் ஆபீஸில் சத்தம் போட்டுச் சண்டை போட்டேன். இன்றைக்கு ஒருவரைக் காப்பாற்றக் கைதிகளை விட்டால் நாளைக்கு இன்னொருவரைப் பிடிப்பான், பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு என்ன பதில் என்று கேட்டேன். ராஜ்குமார் 108 நாள் கழித்து வந்தார். எப்படி வந்தார் என்று ஊருக்கே தெரியும், யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்தில் கர்நாடக முன்னாள் மந்திரி நாகப்பாவைப் பிடித்தார்கள், பிணமாகத்தான் கிடைத்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று அதற்கும் சொன்னேன். நடுவில், அந்தத் தடா ஆட்களில் பெரும்பாலோரைக் கோர்ட்டே குற்றமில்லை என்று விட்டதை மட்டும் நான் யாரிடமும் பேசவில்லை. வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த மலைக்கிராமத்து ஜனம் அது.

ஒரு நாள் சாப்பிடும்போது நீ கேட்டாய், "அப்பா, என்னைப் பிடிச்சுட்டுப் போனா?" ஈ.பி. ஃபோர்மேன் பையனை எவன்டா பிடிப்பான் என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பு ராத்திரியில் வந்து எழுப்புகிறது. அங்கே உனக்கு ஒரு விலை இருக்கிறது, தம்பி. 3 பேருக்கு 11 என்றால் ஒருவனுக்கு நாலு பேர் கூட வராது என்று சந்தனக் கிண்ணத்தோடு நின்று கணக்குப் போட்டேன். இப்படி ஒரு கணக்கு என் மண்டையில் ஓடும் என்று நான் நினைத்ததில்லை.

அந்த 11 பேரில் பழைய கவர்னர்கள் இரண்டு பேர் என்கிறார்கள். அவர்கள் வெளியே வந்ததும் என்ன செய்வார்கள்? தான் பதவிக்கு வந்த பிறகு மட்டும் 45,000-க்கு மேல் போலீசும் சிப்பாய்களும் செத்தார்கள் என்று ஆப்கன் ஜனாதிபதி அஷ்ரஃப் கனியே ஜனவரியில் சொன்னார். அத்தனை வீட்டிலும் ஒரு அப்துல் கரீம் இருப்பார். நம்மவர்கள் வந்ததற்கு நான் கையெடுத்துக் கும்பிட்டபோது அந்த அப்பன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்களோ. நம்மவர்களோடு பிடிபட்ட ஆப்கன் டிரைவரைப் பற்றி நான் பார்த்த எந்தச் சேனலும் பேசவில்லை. 2007-ல் இத்தாலிப் பத்திரிகைக்காரர் ஒருவருக்காக 5 தாலிபான்களை விட்டார்கள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். கூடப் போன டிரைவரையும் மொழிபெயர்ப்பாளரையும் கழுத்தறுத்தார்கள். சில மாதத்திலேயே கொரியாக்காரர்கள் 23 பேரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கைதிகளைக் கேட்டார்கள். உன் வண்டியை ஓட்டுகிறாரே, போன தடவை போனில் சலாம் சொன்னாரே, அவரை நன்றாகப் பார்த்துக்கொள். அவருக்காக யாரும் யாரையும் விடமாட்டார்கள்.

ஆக, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஆனால் உன்னைப் பிடித்தால் 11 என்ன, 1,100 பேரை விடச்சொல்லி டில்லியில் போய்த் தரையில் உருளுவேன். இரண்டும் ஒரே வாயில்தான் வருகிறது.

இதை எழுத வந்தது இதற்காக இல்லை.

போன வருஷம் மே மாதம், அவர்களைப் பிடித்த மூன்றாம் நாள் ராத்திரி நீ போன் செய்தாய். "வந்துடட்டுமாப்பா?" என்றாய். ஒரே ஒரு தடவைதான் கேட்டாய். பாப்பா கல்யாணம் தையில் இருக்கிறது, நகை பாங்கில் இருக்கிறது, எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, காபூலில்தானே இருக்கிறாய் என்றேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். யார் என்று அம்மா கேட்டதற்கு ராங் நம்பர் என்றேன். இன்று வரை அவளுக்குத் தெரியாது. கல்யாணத்தில் பாப்பா கழுத்தில் அந்த நகையைப் பார்த்தபோதெல்லாம், உன்னை அடகு வைத்துத்தான் இதை மீட்டேன் என்று தோன்றியது. நீ பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாய். அப்போதாவது திரும்பப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். நம் வீட்டு மாடி பாதியில் நின்றிருந்தது, சொல்லவில்லை. அந்த போனுக்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்பதில்லை. நல்லா இருக்கேன்ப்பா, அவ்வளவுதான். அதனால்தான் அந்த டவர் எந்த ஊர் டவர் என்று என்னால் உன்னை நேராகக் கேட்க முடியவில்லை.

டிசம்பரில் மறுபடியும் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. கிணற்றடி நிலத்தை விற்கப் புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கும் தெரியும். மாடி அப்படியே நிற்கட்டும். ஒரே வழியில் போகாதே. கம்பெனி சட்டை வேண்டாம். டிசம்பரில் கையெழுத்துப் போடாதே.

படித்ததும் கிழித்துவிடு. தீபாவளி அன்று போன் செய்யும்போது கடிதம் வந்தது என்று அம்மா முன்னால் சொல்லிவைக்காதே. நீ இருப்பது பாக்லான் என்றால், கிணற்று மோட்டார் ரிப்பேரா என்று கேள். டிசம்பரோடு வருகிறாய் என்றால், மோட்டார் ஓடுகிறதா என்று கேள். எனக்குப் புரியும்.

அப்பா