‘மறுபடி படித்துப் பாருங்கள்’ என்று சொன்ன நண்பர்களுக்கு

அன்புள்ள வாசிப்புக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதக் கூட்டத்தில் நான் சொன்னது நான்கே சொற்கள்: “எனக்கு இந்த நாவல் பிடிக்கவில்லை.” அதன்பின் நாற்பது நிமிடம் எனக்கு வைத்தியம் பார்த்தீர்கள். எந்த மனநிலையில் படித்தேன் என்று ஒருவர் விசாரித்தார். எத்தனை நாளில் முடித்தேன் என்றார் இன்னொருவர். பத்து நாள் என்றதும், அதுதான் நோய்க்குக் காரணம் என்பதுபோலத் தலையாட்டினார். குழுவில் மூத்தவர் தோளில் கை வைத்து, “இது படிக்கப் படிக்கத்தான் திறக்கும், மறுபடி படித்துப் பாருங்கள்” என்றார். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் நாடி பார்க்கப்பட்டவனாகவே நடந்தேன்.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் பிடிக்காமல் போனது?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதல் நூறு பக்கங்கள் எனக்கும் பிடித்திருந்தன. எழுத்தறியாத அந்தத் தாய், மகன் அனுப்பிய கடிதத்தை யாரிடமும் படிக்கக் கொடுக்காமல் மடித்து மடித்து வைத்துக்கொள்கிறாளே, அங்கே புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு மகன் திரும்பி வருகிறான். பேசத் தொடங்குகிறான். இருநூறு பக்கம் பேசுகிறான். எதிரில் இருப்பவர்களுக்கு அவன் சொல்வதை ஆமோதிப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை. தாய் எங்கே போனாள் என்று தேடிக்கொண்டே படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவளுடைய சாவு மூன்று வரியில் வருகிறது. என் கோபமெல்லாம் அந்த மூன்று வரியின் மேல்தான். இரண்டாம் முறை படித்தபோது அது கூடியதே தவிரக் குறையவில்லை. ஆம், மறுபடியும் படித்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

இந்தக் குறைக்கு நம்மிடம் பழைய பெயரே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று எண்ணிச் சொல்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் எல்லாம் அதில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஒரு நூல் நன்றாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, முடிவில் இற்றுப்போவதை அத்தனை சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று ‘பிடிக்கவில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பத்துக் குற்றங்களைச் சொன்ன கையோடு பத்து அழகுகளையும் சொல்கிறார். இரண்டையும் பார்ப்பது அவருக்கு ஒரே வேலையின் இரு பாதி.

அதே நன்னூல் மாணாக்கரையும் தரம் பிரிக்கிறதே என்று உங்களில் ஒருவர் எடுத்துக்காட்டக்கூடும். தலைமாணாக்கர் அன்னமும் பசுவும் போன்றவர்கள். கடைமாணாக்கர் வரிசையில் எருமையும் நெய்யரியும் நிற்கின்றன. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை; நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும். நான் அந்த இனமோ என்ற ஐயம் எனக்கே அவ்வப்போது வரும். ஊரே கொண்டாடும் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு சிறு மிடுக்கு இருக்கிறது. அதன் ருசி எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். இருபது வயதில் படிக்காமலே சில புத்தகங்களை வெறுத்தவன் நான். ஆனால் இந்த நாவலை விரும்பவே விரும்பினேன். நூறு பக்கம் விரும்பியும் இருந்தேன்.

மறுபடி படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு ஒருவரை நினைவூட்டுகிறேன். டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியரைப் பிடிக்காது. ரஷ்ய மொழியில், ஆங்கிலத்தில், ஜெர்மனில் என்று ஐம்பது ஆண்டுக் காலம் திரும்பத் திரும்பப் படித்தார். 75 வயதில், தன்னையே சோதித்துப் பார்க்க, முழுவதையும் இன்னொரு முறை படித்தார். வெறுப்பும் சலிப்பும் திகைப்பும்தான் மிஞ்சின என்று எழுதினார். அந்தக் கட்டுரை 1906இல் வெளிவந்தது. இவரிடம் போய் யார் ‘மறுபடி படியுங்கள்’ என்பது?

ஜார்ஜ் ஆர்வெல் அப்படிச் சொல்லவில்லை. 1947இல் அவர் எழுதிய பதில், எனக்குத் தெரிந்து பிடிக்காதவரை நடத்திய மிகச் சிறந்த முறை. அத்தனை நாடகங்களிலும் டால்ஸ்டாய் ஏன் ‘லியர் மன்னன்’ மீது குறிவைத்துத் தாக்குகிறார் என்று கேட்டார். எல்லாவற்றையும் துறந்துவிட்டு, துறந்தபின் நிம்மதி காணாத கிழவனின் கதை அது. டால்ஸ்டாயும் துறந்தவர்; கட்டுரை வந்த நான்கே ஆண்டுகளில் வீட்டைவிட்டு வெளியேறி ஒரு சிறு ரயில் நிலையத்தில் இறந்துபோனவர். ஆர்வெலுக்கு டால்ஸ்டாயின் முடிவில் உடன்பாடில்லை; இருந்தும் அந்த வெறுப்பைத் தொட்டுத்தான் நாடகத்துக்குள் போனார். அதைப் படித்தபின் எனக்கு லியரும் கொஞ்சம் கூடுதலாகப் புரிந்தான்.

‘இத்தனை விருது வாங்கிய புத்தகம்’ என்ற வாதத்துக்கு அதிக நேரம் செலவிடப் போவதில்லை. 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விருது பெற்றவையும் இறுதிப் பட்டியலோடு நின்றவையுமாக 64 ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, வாசகர்கள் இணையத்தில் எழுதிய 38,817 மதிப்புரைகளை அலசினார்கள். வென்ற புத்தகங்களின் மதிப்பெண் விருதுக்குப் பிறகு சரிந்திருந்தது. காரணம் எளிது: விருது என்றதும், அந்த வகைப் புத்தகத்தைச் சாதாரணமாகத் தொடாதவர்களும் வாங்கிப் படித்துவிடுகிறார்கள். உங்கள் பரிந்துரையும் எனக்கு ஒரு விருதுச் சின்னம்தான், நண்பர்களே. அது இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இந்த வைத்தியத்தை நானும் பிறருக்குச் செய்திருக்கிறேன். எனக்கு உயிரான ஒரு நாவலைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்தேன். “சலிப்பாக இருந்தது” என்று திருப்பித் தந்தாள். சில மாதங்கள் அவளிடம் புத்தகப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் மனம் கேட்காமல், எங்கே என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். “இவள் எல்லாரையும் மன்னித்துக்கொண்டே இருக்கிறாள், பார். எழுதியவருக்கு அது எவ்வளவு வசதி!” அந்த நாவல் இன்றும் எனக்கு உயிர்தான். ஆனால் அந்தப் பக்கம் வந்தால் நிதானித்துத்தான் கடக்கிறேன்.

ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தின் முதல் பதினைந்து நிமிடத்தைப் பிடிக்காதவர்களுக்குக் கொடுங்கள். பாதியில் நிறுத்தியவர்களும் வரட்டும். நிறுத்திய பக்கத்தைச் சொல்லட்டும். அதுவரை யாரும் நாடி பிடிக்க வேண்டாம். அடுத்து, பிடித்தவர்களும் பக்கத்தைக் காட்டிப் பேசட்டும். ‘மகத்தான படைப்பு’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் உங்களிடமும் இருக்கிறது.

அடுத்த மாத நாவலில் எழுபது பக்கம் தாண்டிவிட்டேன். இதுவரை நன்றாகவே போகிறது. உங்களில் யாருக்காவது ஒட்டவில்லை என்றால், எந்த இடம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்; பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
கடைசி வரிசை நாற்காலிக்காரன்